நன்கொடையாளர் உண்டியல் அல்லர்

"நம்பிக்கை உள்ளவர் கணக்குக் கேட்கமாட்டார்" என்கின்றன இலக்கிய அறக்கட்டளைகள் சில. இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கிறோம்.

1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அச்சுச் செலவுக்குக் கையொப்பம் திரட்டினார். உதவியோரை முகவுரையில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். கொடுத்தவர்க்கு நூலே கணக்காயிற்று.

இன்றைய நிலை வேறு. நூலகக் கட்டட நிதிக்கென்று நாம் அனுப்பிய தொகைக்கு ரசீதுகூட வரவில்லை. அடிக்கல் நட்டார்களா என்பதும் தெரியவில்லை. அடுத்த நிதிக்கான மடல்மட்டும் தவறாமல் வந்துவிட்டது. ஐந்நூறு ரூபாய் அனுப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் புரவலரே அல்லவா?

வரவு, செலவு, மிச்சம், முடியாமற்போன பணி: இந்நான்கையும் ஆண்டுக்கொருமுறை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். தோல்வியைச் சொன்னால் கொடை குறையுமென்று அஞ்சவேண்டாம். சொல்லாமல் மறைத்தால்தான் குறையும். கணக்குக் காட்டாத அறத்துக்கு இனி நாம் ஒரு காசும் தருவதாயில்லை.