வாழ்த்தினோம், வாங்கவில்லை

2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம்மில் பலரும் அந்தச் செய்தியை நாலு பேருக்கு அனுப்பிப் பூரித்தோம். 2019-இல் பிறந்த மாவட்டம். நமக்கென்று ஊரறிய ஒரு பெயர் வந்த பெருமை. புதுவீட்டுக்குப் பூஜை மண்டபம் வேண்டுமென்றதும் அதே செல்போனில்தான் ஆர்டர் போட்டோம். வந்து இறங்கியது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மரநிறத் தாள். ஈரம் பட்டால் உப்பிப்போகும் சரக்கு.

சிற்பப் பட்டறைக்குப் போகாமலும் இல்லை. வாகை மரத்தில் செதுக்கிய பிள்ளையாரைத் தூக்கிப் பார்த்தோம், படம் எடுத்தோம், அங்கேயே நின்று அதைப்போல ஒன்றை ஆன்லைனில் தேடினோம். "இதுல பாதி விலைதானே போட்டிருக்கான்" என்று செதுக்கியவரிடமே காட்டினோம். அவர் என்ன சொல்வார்? மரத்தை அறுத்து, நிழலில் காயவைத்து, உருவம் வரைந்து, பெரிய உளியால் வேண்டாததைக் கழித்து, கண்ணும் நகையும் சின்ன உளிக்கு வருவதற்குள் நாள்கள் ஓடிவிடும். நடுவில் வெடித்தால் அத்தனையும் விறகு. கணினி போட்ட கோட்டில் ஓடும் இயந்திரம் ஒரே பிள்ளையாரை நூறு முறை வெட்டும். இரண்டு விலையையும் ஒரே தட்டில் வைத்தது அநியாயம். அதைச் செய்தது நாம்தான்.

துணியிலும் இதே கதை. பள்ளி திறக்கும் ஜூனில் நோட்டில் எழுதிக்கொண்டு சீருடைத் துணி கிழித்துக் கொடுத்த கடைக்காரரை, கையில் காசு புழங்கியதும் தாண்டிப் போனோம். கல்வராயன் மலைத் தேனை மலைக்காரர் கொண்டுவந்தால் பாகு கலந்திருக்குமோ என்று சந்தேகம். வெளியூர் லேபிள் ஒட்டிய பாட்டிலுக்கோ சொன்ன விலையைக் கொடுத்தோம்.

ஆன்லைனையே குற்றம் சொல்லவில்லை. தொலைதூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிற்பம் அந்த வழியாகத்தான் போய்ச் சேர முடியும். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து நல்ல படம் எடுத்து ஏற்றிக் கொடுக்க, படித்த நாம் எத்தனை பேர் முன்வந்தோம்? குறியீடு பெயரைக் காக்கும், கூலி கொடுக்காது. கூலி நம் கையில் இருந்தது, கொடுக்கவில்லை.

கொலுவுக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ சிற்பம் வேண்டுமென்றால் சில மாதம் முன்னாலேயே பட்டறைக்குப் போங்கள். என்ன மரம் என்று கேளுங்கள். முன்பணம் கொடுங்கள். சொன்ன கூலியில் பேரம் பேசாதீர்கள்.