நிரலுக்கும் உரை வேண்டும்

2014 செப்டம்பரில் ஆர்குட் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான கூகுள் பிளஸும் மறைந்தது. வாடகை வீட்டில் குடியிருப்போர், உரிமையாளர் சொன்னதும் வெளியேற வேண்டியதுதானே! இதற்கு மாற்றாக ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ உருவாக்கி, 2016-இல் வெளியிட்ட மென்பொருள் மாஸ்டோடான். ஒரு குழுவினர் தம் சொந்தச் சர்வரில் இதனை நிறுவித் தமக்கெனச் சமூக வலைத்தளம் நடத்தலாம். 2018-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்னும் பொதுநெறி, அதனைப் பிற சர்வர்களோடு இணைக்கிறது.

மாஸ்டோடானின் மூலநிரலை எவரும் பெறலாம். அது மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. தொல்காப்பியம் கற்கப் புகுவோர் இளம்பூரணர் உரையை நாடுவதுபோல், சர்வர் நடத்த முனைவோர் விளக்க ஆவணத்தையே நாடுவர். நிறுவும் முறை, தரவுகளுக்குப் படியெடுத்து வைத்தல், புதிய கணினிக்கு மாற்றுதல் ஆகியவற்றை மாஸ்டோடான் ஆவணம் முறையாக விளக்குகிறது. ஒவ்வொரு குழுவும் தன் சர்வரில் செய்த மாற்றங்களையும் அவ்வாறே எழுதிவைத்தல் வேண்டும். இன்றேல், அமைத்தவர் விலகியதும் சர்வர் முடங்கும். பலர் இட்ட பதிவுகளும் அழியக்கூடும். எழுதிவைத்த அறிவே பொதுவுடைமையாகும். ஆகவே, கணினி பயிலும் மாணவமணிகளே, நிரல் எழுதும் கையாலேயே அதற்கு உரையும் வரைக!