அடகு போன வளையல்கள்

கீழ்க்கட்டளையிலிருந்து குரோம்பேட்டைக்குச் செல்லும் நம்மில் பலர், எம்.ஐ.டி. எனப்படும் பொறியியல் கல்லூரியின் வாயிலைக் கடந்திருப்போம். 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அக்கல்லூரியில் இடம் கிடைத்தும், சேர்வதற்கு வேண்டிய ஏறத்தாழ 1,000 ரூபாய்க்கு வழியின்றித் தவித்தார் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர். அவருடைய தமக்கையார் ஜொஹரா, தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அக்குறையைத் தீர்த்தார். அந்த இளைஞரே, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம்.

இவ்வீகை ஒரே நாளில் முளைத்ததன்று. கலாமின் சிறுவயதில், உலகப்போர்க் காலத்துப் பங்கீட்டு நாள்களில், தாயார் ஆஷியம்மா தம் பங்குச் சப்பாத்திகளையும் மகனுக்கே இட்டார். தமையனார் தனியே அழைத்து எடுத்துரைத்த பின்னரே சிறுவருக்கு அது விளங்கிற்று. உறவினர் சம்சுதீன், செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்கும் பணி தந்து முதல் ஊதியம் ஈட்டச் செய்தார். குடும்பச் சூழலால் பள்ளிப்படிப்போடு நின்றுவிட்ட அகமது ஜலாலுதீன், பின்னாளில் ஜொஹராவின் கணவரானவர், தமக்குக் கிட்டாத கல்வியின்மீது அச்சிறுவருக்கு ஆர்வமூட்டினார்.

இவர்கள் எவரும் மிச்சத்திலிருந்து கொடுத்தவர் அல்லர். தமக்கே போதாததிலிருந்து கொடுத்தவர்கள். செல்வர் தரும் நன்கொடைக்குக் கல்வெட்டு உண்டு. உறவினர் தரும் கொடைக்கோ பெற்றவரின் நினைவே கல்வெட்டு. அந்நினைவும் மங்கினால் கொடுத்தவர் பெயர் முற்றும் மறைந்துவிடும்.

எனினும் நினைவுகூர்தல் ஒன்றே போதும் என்று நாம் கருதவில்லை. தம் சொந்த உழைப்பால் அவ்வளையல்களை மீட்பதாகக் கலாம் உறுதி பூண்டார். உதவித்தொகை பெறும்பொருட்டு முனைந்து பயின்றார். நன்றி என்பது மேடைப் பேச்சன்று, மீட்க வேண்டிய கடன் என்பதை அவ்வுறுதி உணர்த்துகிறது.

இங்கே நம் சமுதாயத்தாரிடம் ஒன்று கேட்க விழைகிறோம். தம்பியின் படிப்புக்காகத் தமக்கையின் வளையல் அடகு போனதை மனமுருகிப் போற்றுகிறோம். தமக்கையின் படிப்புக்காகத் தம்பியர் எதனை அடகு வைத்தனர்? கொடுக்கும் கை என்றும் பெண்ணுடையதாகவும், பெறும் கை என்றும் ஆணுடையதாகவும் இருப்பது அறமாகுமா?

மாணவச் செல்வங்களே! உங்கள் கட்டணச் சீட்டின் பின்னாலும் ஒரு தாயின் சங்கிலியோ, ஒரு மாமாவின் சேமிப்போ இருக்கக்கூடும். அது யாருடையது என வீட்டில் கேட்டறியுங்கள். முதல் ஊதியம் பெறும் நாளில் அதனை மீட்டுக் கொடுங்கள். மீட்க அவர்கள் இல்லையெனில், படிக்கத் துடிக்கும் ஒரு தங்கையின் கட்டணத்தைச் செலுத்துங்கள். அதுவே அவ்வளையல்களுக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை.