நூற்று இருபத்தைந்தை 10025 என்று எழுதும் பிள்ளை



அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது எழுத்தும் கணக்கும் விட்டுப்போன பிள்ளைகளுக்காக முதல் மூன்று வகுப்புகளில் கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷம் நாலு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லித் தருகிறார்கள். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் கணக்கும் வந்துவிட வேண்டும் என்று 2025-ஐக் கெடுவாகவும் வைத்தார்கள்.

இதைப் பற்றி நம் பெண்கள் பேசுவதைக் கேட்டால், "பாட்டுப் பாடுதாவ, ஆடுதாவ. நோட்டுல ஒண்ணையும் காணோமே" என்பதுதான். அதே வாயால், இங்கிலீஷ் மீடியத்தில் யு.கே.ஜி. பிள்ளை ஒன்றிலிருந்து நூறு வரை பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் மெச்சிக்கொள்கிறோம். எனக்கு இதில் சம்மதமில்லை. நோட்டு நிறைந்தால் கணக்கு வந்துவிட்டது என்று யார் சொன்னது?

'பிரதம்' அமைப்பு நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் 'அசர்' அறிக்கையைக் கவனியுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கு கேட்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் செய்தவர்கள் 2022-ல் நாலில் ஒருவர், 2024-ல் மூன்றில் ஒருவர். முன்னேற்றம்தான். ஆனாலும் மீதி ரெண்டு பேர்?

41-ல் 13 போனால் எத்தனை என்று கேட்டால், 32 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. மூன்றில் ஒன்று போனால் ரெண்டு, நாலில் ஒன்று போனால் மூன்று, கச்சிதமாகத்தான் கழித்திருக்கிறது! அந்தப் பிள்ளைக்கு 41 என்பது நாலு பத்தும் ஒன்றும் அல்ல. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஒரு நாலு, ஒரு ஒன்று. இடமதிப்பு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. நூற்று இருபத்தைந்தை எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 10025 என்று எழுதும். உடனே தலையில் ஒரு குட்டு வைக்கிறோம். நூறுக்கு 100, இருபத்தைந்துக்கு 25; காதில் கேட்டபடியே எழுதியிருக்கிறது. நம் முன்னோரும் ஏறக்குறைய அப்படித்தானே எழுதினார்கள்! பழைய தமிழ் இலக்கத்தில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனி எழுத்து உண்டு. நூற்று இருபத்தைந்து என்றால் ௱௨௰௫. நூறு, ரெண்டு பத்து, அஞ்சு. வாயால் சொல்வது அப்படியே ஓலையில். நூறும் பத்தும் எழுத்தாகத் தெரியாமல், நிற்கிற இடத்தை வைத்தே மதிப்பைக் கண்டுகொள்வது பிறகு வந்த ஏற்பாடு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபடாததில் என்ன ஆச்சரியம்?

இதில் நம் பாஷை நமக்கு எத்தனை ஒத்தாசை என்பதை நாம் மறந்தே போனோம். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். முப்பத்திரண்டு என்றால் மூன்று பத்தும் ரெண்டும். இங்கிலீஷில் லெவன், ட்வெல்வ் என்பதற்குள் பத்து எங்கே இருக்கிறது? தர்ட்டீனுக்கும் தர்ட்டிக்கும் பெரியவர்களுக்கே காது குழம்புகிறது. இந்தியிலோ நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு பெயராக மனப்பாடம் செய்ய வேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிலேயே விடை இருக்கிறது. ஆனால் "எழுபத்தெட்டு ரூபா கொடு மக்களே" என்றால், "அப்படின்னா எவ்வளவும்மா, செவன்ட்டி எயிட்டா?" என்று கேட்கிற பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு.

தமிழிலும் ஒரு வம்பு உண்டு, மறைக்கக் கூடாது. எண்பத்தொன்பது வரை ஒழுங்காக வந்த பிள்ளை அடுத்து முழிக்கும். ஒன்பது பத்துக்குப் பெயர் தொண்ணூறு! நூறே வராதபோது பெயருக்குள் நூறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொள்ளாயிரமும் இதே கதை. களியக்காவிளை தாண்டி மலையாளத்துக்குப் போனாலும் அதே தொண்ணூறு, தொள்ளாயிரம்தான். இதற்கென்று தொல்காப்பியமும் நன்னூலும் தனியாக விதி சொல்லியிருக்கின்றன என்றால், பிள்ளை தடுமாறுவதில் தப்பே இல்லை. அந்த இடத்தில் மட்டும் "ஒன்பது பத்து, அதுக்குப் பேரு தொண்ணூறு" என்று கூடவே சொல்லிக்கொடுத்தால் போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றுமில்லை. துடைப்பத்துக்குச் சீவிய ஈர்க்கிலைச் சிறு துண்டுகளாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவையுங்கள். நாலு கட்டு, ஒரு உதிரி. அதில் பதின்மூன்றை எடு என்றால், பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். 'கடன் வாங்குவது' என்று பள்ளியில் சொல்வது இந்த அவிழ்ப்புதான். கட்டைக் கையால் அவிழ்த்த பிள்ளை 32 என்று சொல்லாது. முன்பெல்லாம் கடைக்கு அனுப்பினால் பத்து ரூபாய் நோட்டும் சில்லறையுமாகக் கணக்குப் படிந்துவிடும். இப்போது போனைக் காட்டினால் 'டிங்' என்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான். வாரம் ஒரு நாளாவது காசைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இதைவிட முக்கியம் பேச்சு. 38-உம் 25-உம் எத்தனை என்று கேட்டு, விடை வந்ததும் விட்டுவிடாமல், "எப்படி மக்களே கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை, முப்பதும் இருபதும் ஐம்பது, எட்டும் அஞ்சும் பதின்மூன்று, ஆக அறுபத்து மூன்று என்னும். இன்னொன்று, நாற்பதும் இருபத்தஞ்சும் அறுபத்தஞ்சு, அதில் ரெண்டு குறைச்சேன் என்னும். ரெண்டும் சரி. "மிஸ் சொன்ன மாதிரி ஸ்டெப் போடு" என்று இடையில் வெட்டுவது நாம்தான்.

மார்த்தாண்டம் சந்தையில் மரச்சீனி கிலோ முப்பத்தஞ்சு என்றால், ரெண்டரை கிலோவுக்கு நாம் பேப்பரா தேடுகிறோம்? ரெண்டு கிலோ எழுபது, அரை பதினேழரை, ஆக எண்பத்தேழரை என்று சொல்லிவிட்டுப் பையை நீட்டுகிறோம். அந்தக் கணக்கைப் பிள்ளை காது கேட்க வாய்விட்டுச் சொன்னால் என்ன?

கடைசியாக, சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. 105-ல் எத்தனை பத்து இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவன் ஒன்றுமில்லை என்பான், அங்கே பூஜ்யம்தானே நிற்கிறது. ஒருத்தி பத்து என்பாள், நூற்றைப் பத்துக் கட்டாக அவிழ்த்துவிட்டு. யார் சரி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

— ஒரு இல்லத்தரசி, மார்த்தாண்டம்.