ஒரு ரேடியோ, இரண்டு வண்டி



மலைநாட்டில் வாழும் நமக்கு இரண்டு வண்டி பிடித்துக்கொண்டு ஒரு காரியத்துக்குப் போவது புதிதல்ல. கல்யாணம் என்றால் இரண்டு வேன். மையித்து வீடு என்றாலும் இரண்டு வேன். "நாங்க முன்னுக்குப் போறோம், நீங்க பின்னாலேயே வாங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவோம். அந்தப் "பின்னாலேயே" என்ற ஒரு சொல்லை நம்பி நாங்கள் பட்ட பாட்டைத்தான் இந்த மாதம் சொல்ல வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கம்பளையில் ஒரு நிக்காஹ். முடித்துக்கொண்டு மாலை நாலரை மணியளவில் நுவரெலியாவுக்குத் திரும்பினோம். முன் வேனில் நானும் பிள்ளைகளும் சாமான்களும். பின் வேனில் மாமியும் மற்றப் பெரியவர்களும். புசல்லாவை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏற ஏற மூடுபனி. ரம்பொடைச் சுரங்கப்பாதையைக் கடந்து, வளைவு வளைவாக ஏறி, லபுக்கலைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் வேனைக் காணோம்.

"தேத்தண்ணி குடிக்க நிறுத்தியிருப்பாங்க" என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அங்கே அவர்களின் வேனோ ரேடியேட்டர் கொதித்துப் பாதையோரத்தில் நின்றது. "எங்களைக் காணாட்டித் திரும்பி வருவாங்கதானே" என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் நின்றது மலை மடிப்புக்குள். கோல் எடுத்தால் போகவில்லை.

மாமி சீனி வருத்தக்காரர். காலையில் மருந்து எடுத்தவர், கல்யாண வீட்டுப் பரபரப்பில் சரியாகச் சாப்பிடவுமில்லை. அவருடைய பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருந்த பை எங்கள் வேனில்! உடம்பு வேர்த்து, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பாதைக்கு மேலேயிருந்த லயத்திலிருந்து ஒரு தோட்டத்து அக்கா இறங்கி வந்து, சீனி கூடப்போட்ட தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், மாமி தேறினார். நாங்கள் திரும்பிப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது.

மெல்பேர்ணில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டதும், "எங்கட பக்கம் இதுக்குத்தான் சீ.பி. ரேடியோ ஈக்குது, ராத்தா" என்றான். லீவில் வந்தபோது அதைப் பற்றி விளக்கமாகவே சொன்னான்.

சீ.பி. என்பது சிட்டிசன்ஸ் பேண்ட். சாதாரண மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கிய அலைவரிசை. அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இதற்கு இடம் ஒதுக்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எங்கே டீசல் கிடைக்கும், எங்கே பொலிஸ் நிற்கிறது என்று லொறிச் சாரதிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் அது நாடெங்கும் பரவியது. அங்கே ஒன்பதாம் சனல் ஆபத்து அவசரத்துக்கு. பத்தொன்பதாம் சனல் நெடுஞ்சாலைச் சாரதிகளுக்கு. 1976 தேர்தல் காலத்தில் ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்ட் அம்மையாரும் 'ஃபர்ஸ்ட் மம்மா' என்ற பட்டப்பெயரோடு இந்த ரேடியோவில் பேசினார். அவுஸ்திரேலியாவில் 27 மெகாஹேர்ட்ஸோடு, 477 மெகாஹேர்ட்ஸ் பகுதியிலும் 80 சனல்கள் இருக்கின்றன. தம்பி வைத்திருப்பது இந்த இரண்டாவது வகை.

அவனிடம் வண்டி இரண்டு: வேலைக்கு ஒரு பிக்கப், குடும்பத்துக்கு ஒரு கார். செட் ஒன்றுதான். எந்த வண்டி தூரம் போகிறதோ அதில் செட்டை மாட்டிக்கொள்வான். பாதையில் போகும் மற்றவர்களிடமும் செட் இருப்பதால் அது அவனுக்குப் போதும். "அப்ப ஒன்டை வாங்கினா ரெண்டு வண்டிக்கும் சரிதானே?" என்று கேட்டேன். சிரித்தான். செட்டை மட்டும்தான் பொதுவில் வைக்கலாமாம். மற்றதெல்லாம் வண்டிக்கு வண்டி தனியாக வேண்டுமாம்.

அன்டெனா ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. வண்டியின் தகரக் கூரையும் அன்டெனாவோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. காரின் கூரையில் சரியாக நின்ற அன்டெனா, பிக்கப்பில் வைத்தால் சரியாக நிற்கும் என்று சொல்ல முடியாது. நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு வீணாகத் திரும்பி வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. அதைப் பார்த்து ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தடவை சரிபண்ணி, அப்படியே விட்டுவிட வேண்டும். அன்டெனா மாட்டாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது. சக்தி வெளியே போக வழியில்லாமல் செட்டே கெட்டுப்போகலாம்.

மின்வயரும் அப்படித்தான். பற்றரியிலிருந்து தனி வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ். கார், வேனில் இருப்பது 12 வோல்ட். பெரிய லொறிகள் பலவற்றில் 24 வோல்ட். காரிலிருந்து கழற்றிய செட்டை யோசிக்காமல் லொறியில் கொழுவினால் புகைதான் வரும்.

பேசுவதிலும் ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பட்டனை அழுத்தி, ஒரு கணம் பொறுத்து, சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். சாரதி பாதையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் மைக்கைப் பிடிக்கட்டும் என்கிறான் தம்பி. அவன் காரில் அந்தப் பொறுப்பு அவன் மனைவிக்கு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இது டெலிபோன் அல்ல; அந்தச் சனலில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். "நகைப் பெட்டி பின் வேனில ஈக்குது" என்று ரேடியோவில் சொல்வதும், கடைத்தெருவில் நின்று சத்தம்போட்டுச் சொல்வதும் ஒன்றுதான்.

"அப்ப எங்களுக்கும் ரெண்டு செட் கொண்டு வந்திருக்கலாமே?" என்றேன்.

"இங்க லைசன்ஸ் வேணும், ராத்தா" என்றான்.

உண்மைதான். அவுஸ்திரேலியாவில் ஆளுக்கு ஆள் தனி அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அலை பரப்பும் கருவியை அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாவிக்கக் கூடாது. அதைக் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அன்பளிப்பாக இப்படிப்பட்ட செட்டைக் கொண்டுவர நினைத்தால், முதலில் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே பொதுமக்களுக்கு விட்ட அலைவரிசை இங்கே வேறொருவருக்குக் கொடுத்ததாக இருக்கலாம்.

செட் கிடைத்தாலும் மலை விட்டுவிடுமா? 477 மெகாஹேர்ட்ஸ் அலை பெரும்பாலும் வெளிச்சம் போல நேராகப் போகும். நடுவில் ஒரு மலைத்தோள் வந்தால் பேச்சு அறுந்துவிடும். 27 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீற்றர். அது மேடு பள்ளத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். ரம்பொடை வளைவுகளில் ஒரு வேன் மலைக்கு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் இருந்தால், ரேடியோவும் ஊமையாகிவிடலாம்.

ஆகவே, ரேடியோ இல்லாமலே தம்பியின் பாடத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அன்று எங்களைக் கைவிட்டது போன் மட்டுமா? மருந்துப் பையையும் ஒரே வண்டியில் அல்லவா போட்டு வைத்திருந்தோம்! பொதுவில் வைக்கக் கூடியது எது, வண்டிக்கு வண்டி வேண்டியது எது என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்:

நோயாளியின் மருந்தும் சாப்பாடும் நோயாளி இருக்கும் வண்டியிலேயே. தண்ணீர், டோச் லைட், எல்லோருடைய நம்பரும் எழுதிய தாள் ஒவ்வொரு வண்டியிலும்.

பழைய வண்டி, மெதுவாக ஏறும் வண்டி முன்னால், வேகமானது பின்னால்.

கம்பளையிலிருந்து வந்தால் புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை என்று சந்திக்கும் இடங்களைப் புறப்படும்போதே பேசிக்கொள்வது. பதினைந்து நிமிடம் பார்ப்பது. வராவிட்டால் முன்னால் போனவர்கள் திரும்புவது. நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பது. "நினைத்தோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோல் போகாவிட்டால் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுவது. சிக்னல் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தாலும் அது போய்விடக்கூடும்.

அவசர நம்பர்களைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கியிருக்கிறோம்: அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது, மலையகத்தில் மண் சரிந்து பாதைகள் அறுந்ததையும், பல ஊர்களில் போன் செத்துப்போனதையும் நாம் பார்த்தோம். உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த வீடுகள் எத்தனை! அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது அமெச்சூர் ரேடியோ. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் ரேடியோக் குழுவொன்றோடு போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, தன் செட்டின் மூலம் அங்குள்ளவர்களின் சேதிகளை வெளியே இருந்த உறவினர்களுக்குச் சேர்த்தார். நம் நாட்டிலும் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் தேறினால் அமெச்சூர் அனுமதி எடுக்கலாம். ரேடியோ, கம்பி, பற்றரி என்று நோண்டிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், "இது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு" என்று தடுத்துவிடாதீர்கள். அவளைப் பரீட்சை எழுத விடுங்கள்.

மாமி இப்போது வேனில் ஏறியதும் முதலில் தேடுவது தன்னுடைய பையைத்தான். அது மடியில் இருந்தால்தான் "சரி, எடுங்க" என்பார். நீங்களும் அடுத்த பயணத்துக்குப் புறப்படுமுன் இரண்டு வண்டியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மற்ற வண்டியை நம்பி விட்ட பொருள் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.