கதைக்குள் ஒரு பஞ்சாங்கம்

சங்கரன்கோவில் வட்டாரத்து வீடுகளில் தொங்கும் நாட்காட்டியைச் சற்றே உற்று நோக்குங்கள். ஆங்கிலத் தேதி பெரிய எழுத்தில் நிற்கும், அருகில் தமிழ்த் தேதி, ஓரத்தில் ஹிஜ்ரி, சிலவற்றில் கொல்லம் ஆண்டும் உண்டு. ஆடித்தபசு என்றைக்கு என்று அறிய உத்திராட விண்மீனைப் பார்க்கின்றனர். பெருநாள் என்றைக்கு என்று அறியப் பிறையைப் பார்க்கின்றோம். “நாளையா, மறுநாளா?” என்னும் கேள்வி இவ்வூரில் வீட்டுக்கு வீடு எழுவது. இத்தகைய ஊரில், கதையில் வரும் ஆண்டுக்கணக்கைப் பற்றி இளைஞர் வாதிட்டால் பெரியோர் நகைப்பது முறையன்று. ஆயினும் நாம் நகைத்தோம்.

துறைக் கூட்டம் ஒன்றில் மாணவர் ஒருவர் எழுந்து, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைப் பற்றி ஐயம் ஒன்றை எழுப்பினார். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அப்புதினம் 2021-ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டது. அதில் ஜீவா என்னும் தலைவரின் ஆட்சி. அரசின் அனுமதி பெற்றே பிள்ளை பெறவேண்டிய நிலை. ஜீனோ என்னும் இயந்திர நாய். “அந்த ஆண்டு வந்து போய்விட்டதே, ஐயா! இனி அக்கதையை எப்படிப் படிப்பது? பொய்த்துப்போன கணிப்பாகவா, நடவாத வேறொரு வரலாறாகவா? ‘மீண்டும் ஜீனோ’வையும் சேர்த்து வைத்தால் இரண்டுக்கும் ஒரே காலக்கணக்கு அமைகிறதா?” என்று கேட்டார். “கதைக்குக் கால் ஏது, தம்பி?” என்று கூறி அமரச் செய்தோம். அவையும் சிரித்தது. அவர் அதன்பின் வாய் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பு நமக்கு இன்றும் உறுத்துகிறது. ஏனெனில் அவர் செய்தது நம் உரையாசிரியர்கள் செய்த வேலை. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், இந்திர விழாவுக்குக் கொடியேறிய நாள் எது, கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கிய நாள் எது என்று திதி, கிழமை, விண்மீன் ஆகியவற்றோடு கணக்கிட்டுக் காட்டுகிறார். கதையில் கூறாததைக் கதையிலுள்ள குறிப்புகளைக் கொண்டே நிரப்புகின்ற முயற்சி அது. பிற்காலத்தில் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அக்குறிப்புகளை வானியல் கணக்கில் இட்டு, கி.பி. 756 என்னும் ஆண்டைக் கண்டார். கயவாகு மன்னன் பெயரைக் கொண்டு இரண்டாம் நூற்றாண்டே காப்பியத்தின் காலம் என்பார் அதனை ஏற்கவில்லை. இந்த வழக்கு நம் வகுப்பறைகளில் இன்னும் ஓயவில்லை. அதனை ஆராய்ச்சி என்று போற்றுகிறோம். ஜீனோவுக்கு அதையே செய்தால் பொழுதுபோக்கு என்கிறோம். இதில் என்ன நியாயம்?

கடல் கடந்தும் இதே வேலை நடைபெறுகிறது. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கதைத்தொடரில் ‘விண்நாள்’ என்றொரு எண் வரும். தொடக்கத்தில் அதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. ஒளிபரப்பான வரிசையில் பார்த்தால் எண் முன்னேறும், திடீரெனப் பின்னேறும். அத்தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி, விண்நாள் என்பது காலத்தை மட்டுமன்றி இடத்தையும் வேகத்தையும் பொறுத்தது என்று சமாதானம் கூறினார். சுவைஞர் விடவில்லை, எண்களை அடுக்கி அட்டவணை இட்டனர். 1988-இல், அடுத்த தலைமுறைத் தொடரின் ஓர் அத்தியாயத்தில், கதை நிகழ்வது கி.பி. 2364 என்று ஒரு பாத்திரமே கூறியது. ஆடிக்கொண்டிருந்த காலக்கணக்கிற்கு அதனால் ஓர் ஆணி கிடைத்தது.

இன்னொரு சிக்கல் சுஜாதாவின் சிக்கலேதான். 1967-இல் ஒளிபரப்பான அத்தியாயம் ஒன்று, கான் என்னும் கொடுங்கோலனின் போர் 1990-களில் நிகழும் என்றது. 1990-கள் வந்தன, சென்றன, கானைக் காணோம்! 2023-இல் அதே தொடரின் புதிய கிளை, காலப்பயணிகள் வரலாற்றில் குறுக்கிட்டதால் நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின என்று அந்தக் கிழிசலைத் தைத்தது.

இந்தத் தையலை நாம் முழுதும் ஒப்பவில்லை. படைப்பாளி சறுக்கிய இடத்தைச் சறுக்கல் என்றே கூறலாம். எல்லாவற்றுக்கும் ஒட்டுப்போட்டு ஆசிரியரைக் குற்றமற்றவராக்குவது பற்றேயன்றிப் படிப்பு ஆகாது. நம் புலவர் மரபிலும் இந்நோய் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அதேபோல, முரண் ஒன்றைக் கண்டதும் “நூலே பொய்” என்று தூக்கி எறிவதும் சோம்பல். 2021 பொய்த்தது என்பதால் ஜீவாவின் ஆட்சி எழுப்பும் அச்சம் பொய்த்துவிடவில்லை. ஒரு குழந்தைக்காக அரசின் ஆணையை எதிர்நோக்கி நிற்கும் தம்பதியரை எந்த ஆண்டில் வைத்துப் படித்தாலும் நெஞ்சு பதைக்கும். எனினும், தொடரைப் படித்த அக்கால வாசகருக்கு அது வருங்காலம்; நம் மாணவர்க்கோ கடந்த காலம். இவ்விருவரும் ஒரே நூலைத்தான் படிக்கிறார்களா? அன்று அம்மாணவர் கேட்டதன் உட்பொருள் இதுவே. நமக்கு அது அப்போது எட்டவில்லை.

விடை இன்னும் நம்மிடம் இல்லை. ஆனால் இரு புதினங்களிலும் வரும் நாள், ஆண்டு, வயதுக் குறிப்புகள் அனைத்தையும் பக்க எண்ணோடு தொகுத்துத் தருமாறு அவரையே வேண்டியுள்ளோம். ஊகம் ஒரு பத்தியிலும் நூலில் உள்ளது மறு பத்தியிலும் இருக்கவேண்டும் என்பது மட்டுமே நாம் இட்ட நிபந்தனை. தொகுப்பு முடிந்ததும் அதே அவையில் அவர் படிப்பார். நாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.