சிறுநீரகமும் கமக்காரனும்

கத்தி தொடாமலே மனித உடலின் உட்பகுதியைக் காணும் ஆற்றலை விஞ்ஞானம் தந்திருக்கிறது. ஹவுன்ஸ்பீல்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆக்கிய கருவி, 1971ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. 1979இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அதன் வழிவந்த இன்றைய சி.ரி. ஸ்கான் கருவி, சிறுநீரகத்தை மெல்லிய துண்டங்களாகச் சில வினாடிகளிற் படம்பிடிக்கிறது. அத்துண்டங்களைக் கணினி ஒன்றுசேர்த்து முப்பரிமாண வடிவிற் காட்டுகிறது.

இதன் பயன் பெரிது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்துக்குத் தப்பும் யூரிக் அமிலக் கற்களும் இதற்குத் தப்புவதில்லை. கல் எங்கே உள்ளது, சிறுநீர்க் குழாய் அடைபட்டுள்ளதா என்பன தெளிவாகின்றன. கட்டியின் எல்லையையும், சிறுநீரகந் தானஞ் செய்பவரின் நாடிகள் எத்தனை என்பதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியர் அறிந்துகொள்கிறார்.

ஆயினும், இக்கருவியின் கண்ணுக்கும் எட்டாத நோய் ஒன்று நம் நாட்டில் உண்டு. 1990களில் மதவாச்சி, பதவியா முதலிய கமத்தொழிற் பகுதிகளிற் கண்டறியப்பட்ட சிறுநீரக நோயையே குறிப்பிடுகின்றோம். வவுனியா மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரரையும் அது வீழ்த்துகிறது. குடிநீர், கடும் வெப்பம், விவசாய இரசாயனங்கள் எனப் பலவற்றின்மீது ஆராய்ச்சியாளர் ஐயங்கொண்டபோதிலும், காரணம் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

இந்நோய் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை வலியின்றி அரிக்கிறது. ஆரம்பத்தில் எடுக்கும் படத்திற் குறை எதுவும் தோன்றாது. சிறுநீரகம் சுருங்கிய பின்னரே படம் அதைக் காட்டும். அப்பொழுது காலங் கடந்துவிடும். சிறுநீரிலும் புரதம் அதிகம் வெளிப்படாமற் போகலாம். ஆகவே, குருதியிலுள்ள கிரியேற்றினின் அளவைப் பார்த்தல் இன்றியமையாதது. சிறிதளவு குருதியும் ஓர் ஆய்வுகூடமும் இதற்குப் போதும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. படம் துலங்குவதற்காக ஊசிமூலம் ஏற்றப்படும் அயடீன் மருந்து, ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்கு மேலும் தீங்கு செய்யக்கூடும். ஆதலால் ஸ்கான் எடுப்பதற்கும் குருதிப் பரிசோதனையே முதற்படியாகிறது.

பெருங்கருவி வேண்டாமென நாம் கூறவில்லை. அது மாவட்ட வைத்தியசாலைகளில் இருத்தல் வேண்டும். அதை இயக்கவும் படத்தை ஆராய்ந்து கூறவும் வல்லோர் அங்கே கடமையாற்றல் வேண்டும். பழுதடைந்தால் உடனே திருத்தப்படல் வேண்டும். ஆனால், அதற்குச் செலவிடும் அரசாங்கம், நோய் பரவிய பகுதிகளின் ஒவ்வொரு கிராமத்திலும் ஆண்டுதோறும் குருதிப் பரிசோதனை நடத்துவதைத் தட்டிக்கழிக்கலாகாது.

கற்றோர் இக்கோரிக்கையை அதிகாரிகள் முன் எழுப்புதல் வேண்டும். கமக்காரப் பெருமக்களோ, வலி வரட்டும் எனக் காத்திராது பரிசோதனைக்குச் செல்லல் வேண்டும். வைத்தியரைக் கேளாது நோவு மாத்திரைகளை நாளும் விழுங்கும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். நாட்டுக்குச் சோறிடுபவனின் சிறுநீரகம் சுருங்கிய பின் அதை அழகாகப் படம்பிடித்து ஆவதென்ன?